ஸ்பிரிங் எதனால் உடைகிறது?

கோவை, திருப்பூர் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரம் அடியைத் தாண்டிய போர்வெல்கள் இன்று அபூர்வமல்ல. நீர்மட்டமும் அந்த ஆழத்துக்கு இறங்கிவிட்ட கிணற்றில் மோட்டாரை நிறுத்தியதும், குழாய்க்குள் நிற்கும் 300 மீட்டர் உயரத் தண்ணீர் கீழே பாயப் பார்க்கும். அடியில் அதன் அழுத்தம் சுமார் 30 பார். கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அத்தனை பாரத்தையும் பம்பின் தலையில் இருக்கும் ஒரு சிறு தட்டு தாங்கி நிற்கிறது. அந்தத் தட்டைத் தக்க சமயத்தில் மூடவைப்பது விரல் நீளமுள்ள ஒரு ஸ்பிரிங்.

அந்த ஸ்பிரிங் உடைந்தால் தெரிந்துகொள்ளச் சில நாளாகும். மோட்டார் போட்டதும் உடனே கொட்டிய தண்ணீர், இப்போது வெகுநேரம் கழித்து வரும். நிறுத்தும்போது குழாய் அதிரும். "அடியில வால்வு போயிருச்சுங்க" என்பார் மெக்கானிக். பிறகு ஆட்களும் வண்டியும் வந்து ஆயிரம் அடிக் குழாயையும் கேபிளையும் மோட்டாரையும் மேலே ஏற்ற வேண்டும். வால்வின் விலையைவிட அதை எட்டிப் பிடிக்கும் செலவு பல மடங்கு. வெளியே வந்த வால்வைத் திறந்தால் ஸ்பிரிங் இரண்டு மூன்று துண்டாகக் கிடக்கும். இந்த முறை இன்னும் கெட்டியான ஸ்பிரிங்காகப் பார்த்துப் போட்டுக் குழாயை இறக்குவார்கள். அதுவும் ஓரிரு வருடத்தில் உடைந்தால், ஸ்பிரிங் மட்டம் என்று பழி அதன்மேலேயே விழும்.

ஸ்பிரிங்மேல் பழிபோடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மோட்டார் நாளைக்குப் பத்து முறை ஓடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வால்வு பத்து முறை திறந்து மூடும். வருடத்துக்கு 3,650 முறை. பத்து வருடத்துக்கு 36,500 முறை. ஸ்பிரிங் உலகில் இது மிகச் சிறிய எண். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் கார் என்ஜினில் வால்வு ஸ்பிரிங் நிமிடத்துக்கு 1,500 முறை அமுங்கி விரிகிறது. 36,500 முறையை அது 25 நிமிடத்துக்குள் முடித்துவிடும். அப்படி ஓடியும் பல வருடம் உடையாமல் இருக்கிறது. பத்து வருடத்தில் 36,500 முறை மட்டுமே வேலைசெய்ய வேண்டிய பம்பு ஸ்பிரிங், இரண்டு வருடத்தில் உடைவானேன்?

பம்பு ஓடும் நேரத்தில் ஸ்பிரிங் சும்மா இருப்பதில்லை என்பதுதான் விடை. தட்டு முழுக்கத் திறந்து ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் பாதி வழியில் மிதந்தால், ஓடும் தண்ணீரின் சுழிப்புக்கு ஏற்ப முன்னும் பின்னுமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். விநாடிக்கு ஐந்து துடிப்பு என்றால், பத்து வருடத்துக்கான 36,500 அசைவையும் இரண்டே மணி நேரத்தில் ஸ்பிரிங் தீர்த்துவிடும். பம்பு வால்வின் ஆயுளைக் கூட்டும் வேலை இந்தத் துடிப்பை நிறுத்துவதில் தொடங்குகிறது. உலோகம், தயாரிப்பு, பொருத்தும் இடம் எல்லாம் அதற்கு அடுத்து வருபவை.

மூடும் கணம்

வால்வில் ஸ்பிரிங் எதற்கு என்று முதலில் பார்க்க வேண்டும். கீலில் தொங்கும் கதவுத்தட்டு கொண்ட வால்வுக்கு ஸ்பிரிங் கிடையாது. தண்ணீர் மேலே போகும்போது கதவு திறக்கும். தண்ணீர் நின்றதும் தன் எடையாலேயே விழுந்து மூடும். விலை குறைவு, ரிப்பேர் சுலபம். ஆனால் அந்தக் கதவு கடக்க வேண்டிய தூரம் அதிகம். அது வந்து உட்கார வேண்டிய சீட்டைச் சேர்வதற்குள் தண்ணீர் திரும்பி ஓடத் தொடங்கியிருக்கும். ஓடுகிற அந்தத் தண்ணீரின் முகத்தில் கதவு அறைந்து சாத்துகிறது. மோட்டாரை நிறுத்தும்போது கேட்கும் 'டம்' என்ற சத்தம் அதுதான்.

அந்த அறையின் பலத்தைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் ழுக்கோவ்ஸ்கி. மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்கள் அடிக்கடி வெடித்ததை ஒட்டி, 1897-லும் 1898-லும் அங்குள்ள அலெக்சேயெவ் நீரேற்று நிலையத்தில் நீண்ட குழாய்களை அமைத்துச் சோதனைகள் நடத்தினார். ஓடும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால் அழுத்த அலை ஒன்று கிளம்பி, குழாய் நெடுக விநாடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. எழும் அழுத்தம் அந்த அலையின் வேகத்தையும், நிறுத்தப்பட்ட நீரோட்டத்தின் வேகத்தையும் பொறுத்தது. இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரம் இதுவே. இரும்புக் குழாயில் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் திரும்பி ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தோடு சுமார் 60 மீட்டர் நீருயரத்துக்கான அழுத்தம் ஒரு கணத்தில் கூடும். பிளாஸ்டிக் குழாயின் சுவர் கொஞ்சம் விரிந்துகொடுப்பதால் அதில் அலையின் வேகமும் அடியும் குறைவு.

திரும்பும் ஓட்டமே தொடங்காத கணத்தில் வால்வு மூடிவிட்டால், அடியும் இல்லை. ஸ்பிரிங்கின் வேலை அதுதான். மேலே போகும் தண்ணீரின் வேகம் குறையக் குறைய, ஸ்பிரிங் தட்டைச் சீட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே வரும். தட்டு நகர வேண்டிய தூரமும் குறைவு. ஓட்டம் பூஜ்யத்தைத் தொடும்போது தட்டு சீட்டில் உட்கார்ந்திருக்கும். போர்வெல்லில் மூழ்கி ஓடும் பம்புகளுக்குக் கதவுத்தட்டு வால்வு கூடாது, ஸ்பிரிங் வைத்த வால்வுதான் வேண்டும் என்று மோட்டார் தயாரிப்பாளர்களின் கையேடுகள் வலியுறுத்துவது இதனால்தான்.

பெரிய நீரேற்றுத் திட்டங்களில் இதை அளந்தே பார்க்கிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நீரியல் ஆய்வுக்கூடம் 1980-களில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வுகளில் பல வகைகளைச் சோதனைக் குழாயில் பொருத்தி, தண்ணீரின் வேகம் எவ்வளவு சடுதியில் குறைந்தால், மூடும் கணத்தில் எவ்வளவு எதிரோட்டம் இருக்கிறது என்று பதிவுசெய்தது. இப்படிக் கிடைக்கும் வரைகோட்டைப் பார்த்தால், நீளமான கதவு வைத்த வால்வும் குறைந்த நகர்வுள்ள ஸ்பிரிங் வால்வும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது உடனே தெரியும்.

கெட்டியான ஸ்பிரிங் என்ற பொறி

சீக்கிரம் மூடுவதற்கு ஸ்பிரிங் தேவை என்றால், இன்னும் கெட்டியான ஸ்பிரிங் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். மெக்கானிக்குகள் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். இங்கேதான் தவறு நேர்கிறது.

ஸ்பிரிங் மூடுவதற்கு உதவும். திறப்பதற்குத் தடையாக இருக்கும். பம்பிலிருந்து வரும் ஓட்டம் ஸ்பிரிங்கை வென்று தட்டைக் கடைசிவரை தள்ளி, தடுப்பில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் அதற்கு இன்னும் வேகமான ஓட்டம் வேண்டும். பம்பின் ஓட்டம் அதே அளவில்தான் இருக்கிறது. ஆகவே தட்டு பாதியில் நின்று துடிக்கத் தொடங்கும். உடைவதைத் தடுக்கப் போட்ட கெட்டி ஸ்பிரிங், உடைவதற்கான காரணத்தை வளர்க்கிறது. பாதி திறந்த தட்டு ஓட்டத்தையும் தடுப்பதால் மின்செலவும் கூடும்.

வால்வின் அளவும் இப்படித்தான். குழாய் மூன்று அங்குலம் என்பதால் வால்வும் மூன்று அங்குலம் வாங்குவது வழக்கம். மணிக்கு 10,000 லிட்டர் தரும் பம்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு அங்குல வழியில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1.4 மீட்டர். மூன்று அங்குல வழியில் 0.6 மீட்டர்தான். முதல் வால்வில் தட்டு உறுதியாகத் திறந்து நிற்க, இரண்டாவதில் மிதந்துகொண்டிருக்கலாம். வெயில் காலத்தில் ஊற்று குறைந்து, பம்பின் ஓட்டமும் பாதியாகிவிட்டால், நன்றாக இருந்த வால்வும் படபடக்கத் தொடங்கும். வால்வின் அளவைக் குழாயைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. பம்பு நிஜமாகத் தரும் ஓட்டத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். குழாயைவிட ஓர் அளவு சிறிய வால்வு போடுவதுகூடச் சில இடங்களில் சரியான தேர்வு.

இந்தப் படபடப்பு எதுவரை போகும் என்பதை 1985 நவம்பர் 21 அதிகாலையில் அமெரிக்கா பார்த்தது. கலிஃபோர்னியா கடற்கரையில் உள்ள சான் ஓனோஃப்ரே அணுமின் நிலையத்தின் முதல் அலகில் மின்தடை ஏற்பட்டு, நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் தள்ளும் பம்புகள் நின்றன. பின்னோட்டத்தைத் தடுக்க வேண்டிய செக் வால்வுகளில் ஐந்து வேலைசெய்யவில்லை. குழாயில் இருந்த தண்ணீர் திரும்பி ஓடி, காலியான இடத்தில் நீராவி புகுந்தது. மறுபடி தண்ணீர் வந்தபோது அந்த நீராவி நொடியில் சுருங்கி, குழாயையும் அதன் தாங்கிகளையும் சேதப்படுத்தும் அளவுக்கு நீரடி விழுந்தது.

அவை ஸ்பிரிங் இல்லாத கதவுத்தட்டு வால்வுகள். ஆனால் விசாரணையில் வெளிவந்த காரணம் ஸ்பிரிங் வால்வுக்கும் அப்படியே பொருந்தும். அந்த அலகு நெடுநாளாகக் குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குறைந்த ஓட்டத்துக்கு வால்வுகள் மிகப் பெரியவை. தட்டுகள் முழுக்கத் திறக்காமல் தடுப்பில் மோதிமோதி, இணைப்புகள் தளர்ந்து, சிலவற்றில் தட்டே கீல் கையிலிருந்து பிரிந்து போயிருந்தது. ஐந்தும் ஒரே நாளில் பழுதானவை அல்ல. வெளியே எதுவும் தெரியாமல் ஒவ்வொன்றாகச் செத்திருந்தன. இதற்குப் பிறகுதான் அமெரிக்க அணுமின் துறையில் செக் வால்வின் அளவு, இடம், ஆய்வு ஆகியவற்றுக்கு விரிவான வழிகாட்டிகள் எழுதப்பட்டன. தரைமேல் உள்ள குழாய்களில் முழங்கை வளைவுக்கும் பம்பின் வாய்க்கும் ஒட்டினாற்போல் வால்வைப் பொருத்தாமல், குழாய் விட்டத்தின் ஐந்து மடங்கு நீளமாவது நேர்க்குழாய் விட வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. வளைவில் திரும்பும் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தால், முழுக்கத் திறந்த தட்டும் நடுங்கும்.

கம்பிக்குள் நடப்பது

இனி ஸ்பிரிங்குக்கு வரலாம். ஸ்பிரிங்கை அமுக்கும்போது கம்பி வளைவதாகத் தோன்றும். உண்மையில் கம்பி முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கின் சுமை கம்பியின் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சுருளின் உட்பக்கத்தில்தான் உச்சம். அமெரிக்கப் பொறியாளர் ஏ.எம். வால் 1929-ல் இதற்கான கணக்கைக் கொடுத்தார். சுருளின் விட்டம் கம்பியின் தடிமனைப்போல் நான்கு மடங்காக இருக்குமாறு இறுக்கிச் சுற்றினால், உட்பக்கத்தில் சுமை சாதாரணக் கணக்கைவிட 40 சதவீதம் கூடுகிறது. பத்து மடங்காக இருந்தால் கூடுவது சுமார் 15 சதவீதம்தான். சின்ன இடத்துக்குள் தடித்த கம்பியைத் திணித்துச் சுற்றிய ஸ்பிரிங் பார்வைக்குப் பலசாலியாக இருந்தும் முதலில் உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலோகம் ஒரே இழுப்பில் அறுந்துபோகாத சுமையிலும், திரும்பத் திரும்ப அசைத்தால் விரிசல் விடும். 1850-களிலும் 1860-களிலும் ரயில் அச்சுகள் உடைவதை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இந்த உலோகச் சோர்வை முறைப்படி அளந்தார். உடைந்த ஸ்பிரிங் துண்டைக் கழுவி லென்ஸ் வைத்துப் பார்த்தால் சோர்வின் தடம் கண்ணுக்கே தெரியும். கம்பியின் உட்பக்க ஓரத்தில் ஒரு புள்ளி; அதிலிருந்து, அலை வந்து போன மணலில் இருப்பதுபோல் அடுக்கடுக்காக வளைகோடுகள்; மிச்சப் பகுதி சொரசொரப்பாக. அந்தப் புள்ளியில் பிறந்த விரிசல் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, கடைசியில் மீந்த பகுதி ஒரே அடியில் அறுந்ததை அந்தக் கோடுகள் காட்டுகின்றன.

விரிசல் மேற்பரப்பில் பிறக்கிறது என்பதால், மேற்பரப்பைப் பக்குவப்படுத்தினால் ஆயுள் கூடும். நுண்ணிய உலோகக் குண்டுகளை வேகமாகப் பொழிந்து கம்பியின் தோலை அமுக்கிவிடும் ஷாட் பீனிங் முறை அப்படி வந்தது. அமுக்கப்பட்ட தோலில் விரிசல் வாய் திறக்கத் தயங்கும். ஸ்பிரிங் பொறியாளர் எஃப்.பி. ஜிம்மர்லி 1957-ல் வெளியிட்ட அளவுகள் இன்றும் பாடநூல்களில் இருக்கின்றன. எத்தனை முறை அசைத்தாலும் உடையாமல் தாங்கும் சுமை அலைவு, பீனிங் செய்யாத ஸ்பிரிங்கில் 241 மெகாபாஸ்கல், செய்ததில் 398. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். 10 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கம்பிகளில் தடிமனோ உலோகத்தின் பலமோ இந்த எல்லையைப் பெரிதாக மாற்றவில்லை என்பதையும் அவர் கண்டார். விலை உயர்ந்த கம்பி வாங்குவதைவிட மேற்பரப்பு வேலையை ஒழுங்காகச் செய்வது அதிகம் பலன் தரலாம் என்று அதற்குப் பொருள்.

தயாரிப்பில் இன்னும் சில படிகள் உண்டு. சுற்றி முடித்த ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங்கை அளவான சூட்டில் வைத்து, சுற்றும்போது ஏறிய உள்விறைப்பைத் தணிக்க வேண்டும். இரு முனைகளையும் தட்டையாகச் சாணை பிடித்தால்தான் தட்டின்மேல் நேராக உட்காரும். சாய்ந்து உட்கார்ந்தால் ஒரு பக்கம் அதிகம் தேயும். முழுக்கத் திறந்த நிலையிலும் சுருளும் சுருளும் முட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. விலையைக் குறைப்பதற்காக முதலில் விட்டுவிடப்படும் வேலைகளும் இவையே.

தண்ணீரும் உப்பும்

ஜிம்மர்லியின் எண்கள் காற்றில் இயங்கும் ஸ்பிரிங்குக்கு உரியவை. பம்பு ஸ்பிரிங் தண்ணீரில் கிடக்கிறது, பல ஊர்களில் உப்புத் தண்ணீரில். அரிப்பும் அசைவும் சேர்ந்துவிட்டால், எவ்வளவு அசைத்தாலும் உடையாது என்ற எல்லையே இல்லாமல் போகிறது. அரிப்பு ஒரு குழி தோண்டும். விரிசல் அங்கே குடியேறும்.

கம்பி கொஞ்சம் கரைந்தாலும் இழப்பு பெரிது. ஸ்பிரிங்கின் சுமை கம்பித் தடிமனின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. 2 மில்லிமீட்டர் கம்பி அரித்து 1.8 ஆனால், அதே விசைக்குக் கம்பியில் ஏறும் சுமை 37 சதவீதம் கூடிவிடும்.

எந்த உலோகம் என்பது தண்ணீரைப் பொறுத்தது. சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும் தண்ணீரில் இடுக்குகளில் அரிக்கத் தொடங்கும் என்பது துறையில் புழங்கும் அளவுகோல். இந்தியத் தரத்தின்படி குடிநீரில் ஏற்கத்தக்க குளோரைடு 250 மில்லிகிராம். வேறு வழி இல்லாத இடத்தில் 1,000 வரை. அதாவது மனிதர் குடிக்கத் தடையில்லாத தண்ணீரே 304 ஸ்பிரிங்கை அரிக்கலாம். மாலிப்டினம் கலந்த 316 ரகம் இன்னும் தாங்கும். கடல்நீருக்கும் வேதித் தொழிற்சாலைக்கும் இன்கோனல், ஹாஸ்டெல்லாய் போன்ற நிக்கல் கலவைகள் தேவைப்படும். வாங்குவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துக் குளோரைடு அளவு தெரிந்துகொள்வது இந்தச் சிக்கலில் மிக மலிவான தீர்வு.

துத்தநாகப் பூச்சு பூசிய சாதாரண எஃகு ஸ்பிரிங்கும் சந்தையில் கிடைக்கிறது. மின்முறையில் பூசும்போது ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். பூசியபின் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். அப்படிச் செய்யாத ஸ்பிரிங் மோட்டார் ஓடுவதற்கு முன்பே, சும்மா அமுங்கிக் கிடக்கும்போதே உடைந்துபோவதுண்டு. வார்ப்பிரும்பு உடலுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் வைத்தால் வேறொரு தொல்லை. இரு உலோகங்களும் தண்ணீரில் சேரும்போது இரும்பு வேகமாகத் துருப்பிடித்து, அந்தத் துருப்பொருக்கு தட்டின் தண்டையும் ஸ்பிரிங்கின் சுருள்களையும் நெருக்கும். ஸ்பிரிங் முழுசாக இருந்தும் வால்வு மூடாது.

தண்டு ஓடும் புஷ் தேய்ந்தால் தட்டு ஆடும். ஆடினால் சீட்டில் ஒருபக்கமாக உட்காரும். ஸ்பிரிங்கும் கோணலாக அமுங்கும். தண்டை இரு முனையிலும் புஷ் வைத்துத் தாங்கும் வடிவம் இதனால் அதிக நாள் உழைக்கிறது. மணல் வரும் கிணற்றில் உலோகத்தின்மேல் உலோகம் உட்காரும் சீட்டைவிட, நைட்ரைல் ரப்பர் பதித்த சீட் நல்லது. சிறு மணல் சிக்கினாலும் ரப்பர் உள்வாங்கி ஒழுகலைத் தடுக்கும்.

ஆழத்தில் ஒரு வெற்றிடம்

போர்வெல்லுக்கு மட்டும் உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆழமான கிணற்றில் பம்பின் தலையில் ஒரு வால்வும், குழாயின் இடையில் இன்னும் சில வால்வுகளும் போடுவது வழக்கம். கீழ் வால்வு கொஞ்சம் ஒழுகி, மேல் வால்வு ஒழுகாமல் இறுகப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? இரண்டுக்கும் நடுவில் இருந்த தண்ணீர் கீழே வடிந்து, அங்கே பாதி வெற்றிடம் உண்டாகும். அடுத்த முறை மோட்டார் ஓடும்போது, எதிர்ப்பே இல்லாத அந்த இடத்தில் தண்ணீர் அசுர வேகத்தில் ஏறி, மூடிக்கிடக்கும் மேல் வால்வில் போய் முட்டும். இந்த அடி நிறுத்தும்போது விழுவதல்ல. ஒவ்வொரு முறை மோட்டார் போடும்போதும் விழுவது. வால்வும் ஸ்பிரிங்கும் குழாய் இணைப்பும் பம்பும் ஒன்றாகச் சேதமடையும். கீழ் வால்வை நீர்மட்டத்துக்கு முப்பது அடிக்கு மேல் உயர்த்திப் பொருத்தினாலும் இதே நிலைதான். வளிமண்டல அழுத்தத்தால் சுமார் பத்து மீட்டர் தண்ணீரைத்தான் தாங்கிப் பிடிக்க முடியும். அதற்குமேல் உள்ள குழாய்ப் பகுதி காலியாகும். முதல் வால்வு பம்பிலேயே, அல்லது பம்பிலிருந்து 25 அடிக்குள், பம்பு ஓடும்போது இறங்கும் நீர்மட்டத்துக்கும் கீழே இருக்க வேண்டும் என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

வால்வு இல்லாமலோ ஒழுகியோ குழாய் முழுக்க வடிந்துவிட்டால், தண்ணீர் போகிற போக்கில் பம்பைப் பின்னோக்கிச் சுழற்றும். மின்சாரம் போய் உடனே வரும் ஊர்களில், ஆட்டோ ஸ்டார்ட்டர் அந்த நேரம் பார்த்து மோட்டாரை முன்னோக்கி ஓட்டினால் தண்டும் கப்ளிங்கும் முறியலாம். ஸ்டார்ட்டரில் சில நிமிடத் தாமதம் வைப்பது மோட்டாருக்கும் வால்வுக்கும் ஒருசேர நல்லது.

விநாடிக்கு ஐந்து முறை

பிஸ்டன் பம்புகளின் கதை வேறு. தோட்டத்தில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரிலும் வண்டி கழுவும் கடையிலும் இருப்பது இந்த வகை. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் உறிஞ்சும் வால்வு ஒன்று, வெளியேற்றும் வால்வு ஒன்று, இரண்டிலும் ஸ்பிரிங். நிமிடத்துக்கு 300 வீச்சு என்றால் ஒவ்வொரு வால்வும் நாளுக்கு 4,32,000 முறை மூடும். இடைவிடாமல் ஓடினால் 23 நாளில் ஒரு கோடியைத் தொட்டுவிடும். இங்கே துடிப்பதே ஸ்பிரிங்கின் தொழில். ஆகவே ஷாட் பீனிங்கும் நல்ல கம்பியும் இங்கே கட்டாயம். ஸ்பிரிங் தானாக அதிரும் வேகம் பம்பின் வேகத்தைப்போல் 15, 20 மடங்காவது இருக்கும்படி வடிவமைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருள்களுக்குள்ளேயே அலை ஓடி ஸ்பிரிங் கட்டுப்பாடு இழக்கும்.

இவ்வளவு செய்தும் உடைகிறது என்றால், பெரும்பாலும் குற்றம் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும். வடிகட்டியில் குப்பை அடைத்தாலோ, ஹோஸ் நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தாலோ, பிஸ்டன் கேட்கும் அளவுக்குத் தண்ணீர் வந்து சேராது. உள்ளே நீராவிக் குமிழிகள் பிறந்து நசுங்கும். வால்வு தாமதமாக மூடி, சீட்டில் ஓங்கி அறையும். பம்பு தட்டுகிற சத்தம் கேட்டால் ஸ்பிரிங்கை மாற்றும் முன் வடிகட்டியைக் கழுவிப் பார்ப்பது அறிவு.

கழற்றாமல் மாற்றுவது

எவ்வளவு பார்த்துச் செய்தாலும் ஸ்பிரிங்குக்கு ஒரு முடிவு உண்டு. அப்போது அதை எவ்வளவு சுலபமாக மாற்ற முடிகிறது என்பதும் ஆயுளில் சேர்த்தி. இதற்குக் கோவை வட்டாரத்திலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. நாடெங்கும் பரவிய இந்தியா மார்க் 2 கைப்பம்பை 1980-களில் இங்குள்ள கிராமங்களில் நிறுவி, மக்கள் தினமும் பயன்படுத்தும் நிலையிலேயே வருடக்கணக்கில் சோதித்தார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் அதில் பங்கேற்றன. தோல் வாஷருக்குப் பதிலாக வைத்த நைட்ரைல் ரப்பர் வாஷர் பல மடங்கு உழைத்தது. குழாய் முழுவதையும் வெளியே எடுக்காமல் பிஸ்டனையும் அடிவால்வையும் மட்டும் மேலே இழுக்கும்படி சிலிண்டர் வடிவம் மாறியது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே மார்க் 3. அதில் ஸ்பிரிங் கிடையாது. ஆனால் பட்டறையில் மட்டும் சோதிக்காமல் கிராமத்துத் தண்ணீரிலும் மணலிலும் சோதித்துத் திருத்திய முறை எந்த வால்வுக்கும் பொருந்தும். ஸ்பிரிங் வால்வு செய்யும் சிறு நிறுவனங்களும் இப்படிச் சில விவசாயிகளின் கிணற்றில் வால்வை இறக்கி, இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பிரித்துப் பார்த்தால், விளம்பரத்தில் எழுதும் ஆயுளுக்கு ஆதாரம் கிடைக்கும்.

விவசாயிகளும் தம் அளவில் இதைச் செய்யலாம். மோட்டாரை ஏற்றும்போது பழைய வால்வைக் காயலான் கடைக்குப் போடும் முன் பிரித்துப் பார்க்க வேண்டும். தடுப்பும் தட்டின் முதுகும் அடிபட்டுப் பளபளவென்று மின்னினால், வால்வு இத்தனை நாளும் படபடத்திருக்கிறது. ஓர் அளவு சிறிய வால்வோ மென்மையான ஸ்பிரிங்கோ தேவை. சீட்டில் ஆழமான வெட்டுத்தழும்பு இருந்தால் தாமதமாக மூடி அறைந்திருக்கிறது; அங்கே ஸ்பிரிங் பலவீனம், அல்லது தண்டு சிக்கியிருக்கிறது. கம்பியில் கருப்புக் குழிகள் இருந்தால் தண்ணீரின் உப்பைப் பார்த்து உலோகத்தை மாற்ற வேண்டும். தண்டு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வால்வுக்கு அடுத்த வளைவும் பொருத்திய கோணமும் காரணம். மேல் வால்வு நொறுங்கி, கீழ் வால்வில் ஒழுகல் தடம் இருந்தால், புது வால்வு வாங்கவேண்டியது மேலுக்கு மட்டுமல்ல; கீழ் வால்வையும் சேர்த்து மாற்றி, அதைப் பம்பிலோ, பம்பிலிருந்து 25 அடிக்குள்ளோ பொருத்தி இறக்க வேண்டும்.